பர்மா கதவடைத்தபோது வெளியே நின்றவர்கள் யார்?

(கீழச்சிவல்பட்டியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

“ஒரு நாடு உலகத்தோடு உறவே வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பது சரியா?” இதுதான் இன்றைக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், “டெல்லியில் பேச வேண்டியதைக் கீழச்சிவல்பட்டியில் போய்ப் பேசுகிறாயே” என்றார். டெல்லியைவிட இந்த ஊருக்குத்தான் இது நெருக்கமான விஷயம். கூட்டம் முடிந்து போகும்போது பெரிய வீடுகளின் தூண்களைப் பாருங்கள். பர்மாத் தேக்கு. அந்த மரம் வந்த நாடு 1962 முதல் 1988 வரை, 26 ஆண்டுகள், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால் யாருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வெளியுறவுத் துறையின் ஆவணங்களைத் தேட வேண்டியதில்லை. காரைக்குடி பர்மா காலனி வரைக்கும் போனால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வல்லரசுகளின் ராணுவக் கூட்டில் சேராமல் இருப்பது வேறு. அதை அணிசேராமை என்கிறோம். உலகத்தின் மனிதர்கள், பத்திரிகைகள், பணம், படிப்பு எதுவும் உள்ளே வர வேண்டாம், நம் ஆட்களும் வெளியே போக வேண்டாம் என்று ஒதுங்குவது வேறு. பர்மா இரண்டையும் செய்து பார்த்த நாடு. 1955-இல் பாண்டுங் மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் பர்மாவும் ஒன்று. ஐ.நா.வின் பொதுச்செயலாளராக 1961 முதல் பத்து ஆண்டுகள் இருந்த ஊ தாண்ட் பர்மாக்காரர். அதே நாடு 1979-இல் ஹவானா மாநாட்டில், அணிசேரா இயக்கமே வேண்டாம் என்று வெளியேறியது. அணிசேராமைகூட அதற்கு அதிகப்படியான உறவாகத் தெரிந்தது!

இது ஏன் நடந்தது? இந்த இடத்தில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். பர்மா தானாக உலகத்துக்குக் கதவு திறந்த நாடு கிடையாது. 1824, 1852, 1885 என்று மூன்று போர்களில் பிரிட்டிஷார் அதை உடைத்துத் திறந்தார்கள். ஐராவதி கழிமுகத்தை நெல் வயலாக்கி உலகச் சந்தையில் சேர்த்தார்கள். காடு வெட்டி நிலம் திருத்த பர்மிய விவசாயிக்குக் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவனுக்குக் கடன் கொடுக்காது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் இந்த மண்ணின் நகரத்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று ஆண்டுக் கணக்கில் ஆள் அனுப்பி வட்டிக்கடை நடத்தினார்கள். அவர்கள் பர்மாவில் போட்டிருந்த மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று 1929-30-இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி.

பிறகு நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவன் கட்ட முடியாமல் நிலத்தை விட்டான். பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-38-இல் அது 25 சதவீதம். ஏழெட்டு ஆண்டுகளில் கால்வாசி நிலம் கை மாறிவிட்டது. செட்டியார்கள் விரும்பி நிலம் பிடிக்கவில்லை, பணம்தான் கேட்டார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். நிலம் போன குடியானவனுக்கு அந்த நுட்பம் புரிய வேண்டிய அவசியமில்லை. சாயா சான் தலைமையில் 1930 டிசம்பரில் எழுந்த விவசாயிகள் கலகத்தையும், 1948-இல் விடுதலை பெற்ற உடனேயே வந்த நில நாட்டுடைமைச் சட்டத்தையும் நான் இந்த ஊரில் நின்றுகொண்டே நியாயம் என்று சொல்வேன். உழுபவனுக்கு நிலம் என்று இங்கே முழங்கிவிட்டு அங்கே மட்டும் வேறு பேச்சுப் பேச முடியாது.

ஆனால் பர்மாவில் இருந்த இந்தியர்கள் எல்லோரும் செட்டியார்களா? 1931 மக்கள்தொகைக் கணக்கில் பர்மாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் வட்டிக்கடைக்காரர் சில ஆயிரம் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் யார்? மேஸ்திரிகளிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலின் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு போனவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நெல் ஆலையில் உமி சுமந்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், ரங்கூன் நகரசபைக்கு மலம் அள்ளியவர்கள். தெலுங்கு, தமிழ், ஒரியா பேசிய தலித்துகளும் பிற்படுத்தப்பட்ட உழைப்பாளிகளும். வரலாற்றில் ‘பர்மா’ என்றால் தேக்குத் தூணும் பெரிய வீடும் மட்டும் நினைவுக்கு வருவதில் ஒரு சாதி இருக்கிறது.

அவர்கள் ஏன் போனார்கள்? வயிற்றுக்காகத்தான். அதோடு இன்னொன்றும் இருந்தது. கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்று சாத்திரம் எழுதி வைத்தவர்கள் யார்? போதாயன தர்ம சூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிலிருந்து விழ வைக்கும் பாவங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. இந்த நாட்டில் ‘வெளியே போகாதே, வெளியாளைத் தொடாதே’ என்பதை முதலில் கொள்கையாக்கியது எந்த வெளியுறவு அமைச்சகமும் கிடையாது. இழக்க ஒரு ‘தூய்மை’ வைத்திருந்தவனுக்குக் கடல் அச்சம். இல்லாதவனுக்கு அது வழி.

அந்த வழியில் எவ்வளவோ வந்தது. பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனில் கிளை இருந்தது. அவருடைய ‘தமிழன்’ இதழுக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள். பி.எம். மதுரைப் பிள்ளை என்ற தலித் வணிகர் ரங்கூன் துறைமுகத் தொழிலில் பெரும் செல்வராகி, கல்விக்கும் தமிழுக்கும் அள்ளிக் கொடுத்தார். அவருடைய பேத்திதான் அன்னை மீனாம்பாள் சிவராஜ். 1904-இல் பிறந்தது ரங்கூனில். கடல் தாண்டியதும் சாதி கரைந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வட்டிக்கடையில் உட்கார்ந்தவனும் மலக்கூடை தூக்கியவனும் ரங்கூனிலும் அதே ஆட்கள்தான். ஆனால் ஊர்த்தெருவில் மூச்சுவிட முடியாத ஒருவனுக்கு அங்கே ஒரு இடுக்கு கிடைத்தது. அந்த இடுக்கில் நம் இயக்கம் வேர் விட்டது.

பர்மிய மக்களின் கோபம் செட்டியார்களின் மேல். அடி விழுந்தது யார் மேல்? 1930 மே மாதக் கலவரத்தைப் பாருங்கள். ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனிகள் பர்மியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கின. பிறகு பேச்சு முடிந்து பழையவர்களை எடுத்துக்கொண்டு புதியவர்களைப் போகச் சொன்னார்கள். இரண்டு ஏழைக் கூட்டங்களும் வெட்டிக்கொண்டன. செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் துறைமுகக் கூலிகளும் அவர்களைப் போன்றவர்களும்தான். கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூன் மேல் குண்டு போட்டது. கூலிகள் நகரத்தை விட்டு ஓடினார்கள். பல்லாயிரம் பேர் புரோம் வழியாக நடந்து இந்தியாவுக்குப் போகக் கிளம்பினார்கள். துறைமுகமும் நகரசபைத் துப்புரவும் நின்றுபோயின. உடனே பிரிட்டிஷ் அரசு என்ன செய்தது? போனவர்களை வழியில் மறித்துத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னது. நகரம் விழப்போகிறது என்று தெரிந்தபோதும் மலம் அள்ளுகிறவன் மட்டும் இருக்க வேண்டும். சில வாரங்களில் எல்லாம் கைவிட்டுப் போனபோது கப்பலிலும் விமானத்திலும் இடம் வெள்ளையர்களுக்கும் வசதி உள்ளவர்களுக்கும். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தார்கள். நான்கைந்து லட்சம் பேர். வழியில் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்கும் இல்லை.

விடுதலைக்குப் பிறகு ஊ நூ காலத்துப் பர்மாவைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் தோழர்களுக்கு அது முக்கியம். 1954 டிசம்பரில் ரங்கூனில் உலக பௌத்த மாநாடு. அம்பேத்கர் போனார். பெரியாரும் போனார். இருவரும் அங்கே சந்தித்து மதமாற்றம் பற்றிப் பேசினார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கருக்குத் தீட்சை கொடுத்த பிக்கு சந்திரமணி, அரக்கானில் பிறந்தவர். பர்மா எட்டு ஆண்டு முன்னதாகக் கதவடைத்திருந்தால் அந்தச் சந்திப்பு ரங்கூனில் நடந்திருக்காது.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சீனாவில் தோற்ற கோமிண்டாங் படை ஷான் மாநிலத்தில் புகுந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அமெரிக்காவின் மறைமுக உதவி. வியட்நாமில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. பெரிய நாடுகளின் சண்டையில் சிக்கக் கூடாது என்ற பயம் நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தை வைத்து அவர் முதலில் யாரை அடக்கினார்? அதே ஆண்டு ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெளிநாட்டு அறக்கட்டளைகளை அனுப்பினார்கள். சுற்றுலா விசா 24 மணி நேரமாகச் சுருங்கியது. தனியார் பத்திரிகைகள் போயின. 1963 பிப்ரவரியில் வங்கிகள் நாட்டுடைமை. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் நாட்டுடைமை. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. செல்லாத நோட்டு என்றால் என்னவென்று 2016 நவம்பரில் வரிசையில் நின்ற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டுடைமை என்றவுடன் இடதுசாரி மனசு கொஞ்சம் இளகும். எனக்கும் இளகும். ஆகவே எதை நாட்டுடைமை ஆக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். 1948 சட்டம் தொட்டது நிலத்தை. 1964 தொட்டது கடைத்தெருவை. பலசரக்குக் கடை, துணிக்கடை, தையல் கடை. வட்டிக்கடையின் பெரும் பணம் போரோடும் நிலச் சட்டத்தோடும் அதற்கு முன்பே போய்விட்டது. இப்போது பிடிபட்டது எஞ்சியிருந்த சின்ன மனிதர்கள். கடைகளுக்கு ‘மக்கள் கடை’ என்று பெயர் வைத்தார்கள். நடத்தியது ராணுவம். அலமாரி காலியானது. சரக்கெல்லாம் தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளச் சந்தையில் வந்தது.

அப்படிக் கிளம்பியவர்களில் ஏறத்தாழ 1.44 லட்சம் பேர் தமிழ்நாட்டுக்கு வந்ததாக மாநில அரசின் கணக்கு. நகை கொண்டுவர விடவில்லை, தாலியைக்கூடக் கழற்றி வாங்கினார்கள் என்று வந்தவர்கள் சொல்வார்கள். வந்து இறங்கிய இடத்தில் யாருக்கு என்ன இருந்தது? நகரத்தாரும் இழந்தார்கள், மறுக்கவில்லை. சில குடும்பங்கள் அப்படியே உட்கார்ந்துபோயின. கதவையும் தூணையும் பெயர்த்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்ற கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் விற்க ஒரு கதவாவது இருந்தது. மூன்று தலைமுறையாக ரங்கூனில் மூட்டை தூக்கிய குடும்பத்துக்குத் தமிழ்நாட்டில் திரும்பிப் போக இருந்த இடம் எது? சேரி. எந்தத் தெருவை விட்டுத் தாத்தா கப்பலேறினாரோ அதே தெரு. அங்கே போக மனமில்லாதவர்கள் வியாசர்பாடியிலும், சென்னைக் கடற்கரை நிலையம் எதிரே பர்மா பஜாரிலும் பிழைப்பைத் தேடினார்கள். இன்று பாரிமுனைப் பக்கம் நின்று சுவைத்துச் சாப்பிடுகிறீர்களே அத்தோ, அது அகதி முகாம் வழியாக வந்த உணவு.

சிலர் இங்கே பிழைக்க முடியாமல் திரும்ப பர்மாவுக்கே போகலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் பர்மா உள்ளே விடவில்லை. அங்கேயே மோரே என்ற எல்லை ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் மோரேயில் தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருக்கின்றன. இரண்டு நாடுகளின் கதவுக்கும் நடுவில் ஒரு தமிழ்த் தெரு.

சரி, கதவு எல்லோருக்கும் மூடியிருந்ததா? நே வின் சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் வியன்னாவுக்கும் லண்டனுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். மேற்கு ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வெர்னர் நிறுவனம் பர்மிய ராணுவத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. புத்தகத்துக்குக் கதவு இல்லை, துப்பாக்கிக்கு இருந்தது. போருக்கு முன்பு ஆண்டுக்கு 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகத்தில் முதலிடத்தில் இருந்த நாட்டில், 1967-இல் அரிசித் தட்டுப்பாடு. அந்த ஆண்டு அடி வாங்கியவர்கள் சீனர்கள். இந்தியர்கள்தான் ஏற்கெனவே போய்விட்டார்களே. 1987 டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், ஆயிரக்கணக்கில் சுடப்பட்டார்கள்.

இந்த வரலாற்றில் நம் இயக்கத்துக்கு மிக நெருக்கமான இடம் 1982. அந்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மனிதர்களை மூன்று படியில் வைத்தது. 1823-க்கு முன்பே அந்த மண்ணில் இருந்த இனங்களைச் சேர்ந்தவர் முழுக் குடிமகன். அதற்குக் கீழே இணைக் குடிமகன். அதற்கும் கீழே குடியேற்றக் குடிமகன். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிற அட்டைகள். ரோஹிங்கியாக்களுக்கு மூன்றிலும் இடமில்லை. பிறப்பை வைத்துப் படி. படிக்கு ஒரு நிறம். படிக்கே வராத ஒரு கூட்டம். வர்ணம் என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியை ஒரு மூடிய வர்க்கமாகத்தான் விளக்கினார். முதலில் ஒரு கூட்டம் தன்னை உள்ளே வைத்துக் கதவை மூடிக்கொள்கிறது. மற்றவர்கள் விரும்பாமலே வெளியாட்கள் ஆகிறார்கள். நாடு கதவை மூடினாலும் அதேதான் நடக்கிறது. வெளியாளை நிறுத்தத் தொடங்கும் கதவு, பிறகு உள்ளே இருப்பவர்களில் யார் வெளியாள் என்று தேட ஆரம்பிக்கிறது. அரக்கானிலிருந்து 2017-இல் 7 லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடியது அந்தத் தேடலின் தொடர்ச்சி.

மூடிய கதவின் முன்னால் நம் ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் ஒரு சான்று சொல்ல வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா உலக விவகாரம் வேண்டாம் என்று ஒதுங்கிய காலம். ஆசியர்களுக்குக் குடியுரிமை இல்லை. பகத் சிங் தின்ட் என்ற பஞ்சாபி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நான் உயர்சாதி இந்து, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையன். 1923-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறு ஆண்டே ஆசியர்கள் வருவதையே அடைக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. இனவெறிக் கதவைத் தட்டுவதற்கு நம் ஊர்க்காரர் எடுத்துப் போன ஆதாரம் சாதி!

“அப்படியென்றால் உலகமயத்தை ஆதரிக்கிறீர்களா?” என்று கேட்பீர்கள். பணம் தடையில்லாமல் வந்து போவதும் மனிதன் தடையில்லாமல் வந்து போவதும் ஒன்றில்லை. செட்டியார் மூலதனத்துக்குக் கடிவாளம் போட பர்மாவுக்கு முழு உரிமை இருந்தது. மூட்டை தூக்கியவனின் மகளை, அங்கேயே பிறந்தவளை, அந்நியள் என்று சொல்ல உரிமை இல்லை. இன்றைய உலகம் இதைத் தலைகீழாகச் செய்கிறது: மூலதனத்துக்குச் சிவப்புக் கம்பளம், உழைப்பாளிக்கு முள்வேலி.

ஒதுங்கி நிற்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அம்பேத்கர் கணக்குப் போட்டே காட்டினார். 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது சொன்ன காரணங்களில் ஒன்று வெளியுறவுக் கொள்கை. நமக்கு நண்பர்கள் இல்லை. அதனால் திரட்டும் 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடியை ராணுவத்தில் கொட்டுகிறோம் என்றார். மேற்கு நாடுகளின் பக்கம் சாய வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளியுறவுக் கொள்கையைப் பள்ளிக்கூடத்துக்கும் சோற்றுக்கும் ஒதுக்கும் பணத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்த அந்தக் கண், நம்மிடம் இருக்க வேண்டிய கண்.

இப்போது நம் பக்கம். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு, மியான்மர் எல்லை 1,643 கிலோமீட்டருக்கும் வேலி போடுவோம், இரண்டு பக்கத்து மலைமக்களும் விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாட்டை நிறுத்துவோம் என்று அறிவித்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த சின் மக்களைத் தடுத்து நிறுத்தச் சொல்லி அதே அரசு உத்தரவிட்டபோது, சின்னஞ்சிறு மிசோரம் முடியாது என்று சொல்லிச் சோறு போட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ரோஹிங்கியாக்களுக்கும் இடமில்லை, ஈழத் தமிழர்களுக்கும் இடமில்லை. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழர்களைக் கணக்குப் போட்டு இந்தியாவுக்கு ஒதுக்கினார்களே, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் டெல்லியின் குற்றமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோக வசதியாக இருக்கும். நம் தோழர்களின் சமூக ஊடகப் பக்கங்களில் ‘வடக்கன்’, ‘பானிபூரி’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் கொல்கிறார்கள் என்று பரப்பிய காணொளிகள் பொய். அந்தப் பொய்யை நம்பித் திருப்பூரிலிருந்து மூட்டை கட்டினார்களே, அந்தப் பயம் பொய்யில்லை. நாம் பேசிய பேச்சும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்தித் திணிப்பை எதிர்ப்பது, ஒன்றியத்திடம் வரிப் பங்கைக் கேட்பது, உள்ளூர் ஆளுக்கு வேலையில் முன்னுரிமை கேட்பது எல்லாம் அரசோடும் முதலாளியோடும் போடும் சண்டை. போடுங்கள், நானும் வருகிறேன். கட்டட வேலைக்கு வந்த முசாகர் சாதிப் பையனோடு போடுவது அந்தச் சண்டை இல்லை. அவன் இன்று ஏறி வரும் ரயில் பெட்டி, நம் பாட்டன் ஏறிய கப்பலின் மேல்தளம்தான்.

பர்மாவிலிருந்து வந்தவர்களில் அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பெரியவர்களாக வந்தவர்களில் மிகச் சிலரே மிச்சம். நகரத்தார் குடும்பங்களின் பேரேடுகளை வைத்து நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. மூட்டை தூக்கியவர்களிடம் பேரேடு இல்லை, வாய்ச்சொல்தான் இருக்கிறது. இங்கே இருக்கிற பத்து தோழர்கள் ஆளுக்கு ஒரு வீடு என்று காரைக்குடி பர்மா காலனிக்குப் போய் உட்கார்ந்து பதிவு செய்ய முடியுமா? எந்தக் கப்பலில் வந்தீர்கள், என்ன கொண்டுவந்தீர்கள், வந்து இறங்கியதும் ஊரில் எந்தத் தெருவில் இடம் கொடுத்தார்கள் என்று கேட்டால் போதும். கைப்பேசியே போதுமானது. யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். இப்போது கேள்விகளுக்குப் போகலாம்.